காணாமல் போன மூலைக்கல்லும் 41 சென்டிமீட்டரும்

"இந்தக் குச்சி என் வரப்புக்கு உள்ளே நிக்குதே தம்பி" என்றார் நிலத்துக்காரர். கோபமாகச் சொல்லவில்லை. குச்சிக்கும் வரப்புக்கும் நடுவே கையை வைத்து, முழங்கையிலிருந்து விரல் நுனிவரை அளந்து காட்டினார். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. பக்கத்து நிலத்துக்காரரும் அங்கேதான் நின்றார், வாயே திறக்கவில்லை. குச்சி அவருக்குச் சாதகமாக விழுந்திருந்தது, அவர் ஏன் பேசப்போகிறார்?

குச்சியை நட்டது எங்கள் நில அளவை அலுவலகத்துப் பையன். கெட்டிக்காரன், கேட் (CAD) என்ற கணினி வரைபட மென்பொருளில் கை பறக்கும். இரண்டு மூலைக்கல்லை வைத்து, காணாமல் போன மூன்றாவது கல்லின் இடத்தைக் கணினியில் கண்டுபிடித்து, செயற்கைக்கோளை வைத்து இடம் காட்டும் ஆர்டிகே கருவியில் ஏற்றி, வயலில் இறக்கியிருந்தான். திரையில் அந்தப் புள்ளி மூன்று தசமத்தோடு பளிச்சென்று இருந்தது. தப்பு எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று நாள் ஆனது. ஒரே தப்பாக இருந்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

இடம் திண்டுக்கல்லுக்கு மேற்கே, பத்துக் கிலோமீட்டருக்குள். மானாவாரி நிலம். புலத்தின் வடக்கு எல்லை நேர்கோடு இல்லை, நடுவில் ஒரு முறிவு உண்டு. மேற்கு மூலைக்கல்லை 'அ' என்றும் கிழக்கு மூலைக்கல்லை 'ஆ' என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டும் ஆடாமல் அசையாமல் இருந்தன. நடுவில் எல்லை வடக்கே பிதுங்கித் திரும்பும் இடத்தில் இருந்த 'இ' கல்தான் காணோம். டிராக்டர் வந்து போன பாதை அது. தெற்கே, கிணற்றுப் பக்கம் 'ஈ' என்று இன்னொரு கல் உண்டு. அதைப் பையன் கண்டுகொள்ளவில்லை. "ரெண்டு கல் போதுமே சார்" என்றான்.

கணக்குக்கு இரண்டு போதும் என்பது உண்மைதான். அரசு நில அளவைப் படமான புலப்படத்தில் எல்லையோரம் எழுதியிருந்த எஃப் லைன் (எல்லைக் கோடு) அளவுகள் இரண்டு: அ–இ 84.2 மீட்டர், இ–ஆ 59.6 மீட்டர். அ கல்லை மையமாக வைத்து 84.2 ஆரத்தில் ஒரு வட்டம், ஆ கல்லை மையமாக வைத்து 59.6 ஆரத்தில் இன்னொரு வட்டம். இரண்டும் வெட்டும் இடம் இ. அப்படி வெட்டும் இடம் எப்போதும் இரண்டு, கோட்டுக்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. இங்கே இரண்டுக்கும் இடையே 22 மீட்டர் இருந்ததால் எது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. முறிவு வெறும் அரை மீட்டராக இருக்கும் புலங்களில்தான் இடது வலது மாறிப்போய், ஒரு மீட்டர் பிசகு கண்ணில் படாமலே கல்லாக நடப்பட்டுவிடும். அப்படி ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அது வேறு கதை.

முதல் நாள் செய்தது மிகச் சாதாரண வேலை. அ கல்லின் மேல் தூரமும் கோணமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷனை வைத்து ஆ கல்லைப் பார்த்தேன். 142.00 மீட்டர். புலப்படத்தில் ஜி லைன் (கல்லுக்குக் கல் நேராக இழுத்த அளவைக் கோடு) நீளம் 142.0. இவ்வளவு பொருந்துவது அடிக்கடி நடக்காது, இரண்டு கல்லும் இடம் மாறவில்லை என்று நிம்மதியாக இருந்தது. பையனின் கோப்பைத் திறந்து அதே இரண்டு கல்லுக்கு நடுவே தூரம் கேட்டால் 142.12 என்று வருகிறது.

"சங்கிலியில அளந்தது சார், பன்னிரண்டு சென்டி முன்னபின்ன இருக்கத்தான் செய்யும்னு விட்டுட்டேன்."

பழைய அளவைக் குறை சொல்வது நம் தொழிலில் எல்லோருக்கும் வசதியான சமாதானம். இங்கே சங்கிலி பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை.

ஆர்டிகே கருவி கொடுத்த ஆயத்தொலைவுகள் யூடிஎம் என்ற உலக வரைபட முறையில், 43ஆம் மண்டலத்தில் இருந்தன. இந்த மண்டலம் கிழக்குத் தீர்க்கரேகை 72 பாகையிலிருந்து 78 பாகை வரை, நடுக்கோடு 75. உருண்டையான பூமியைத் தட்டைத் தாளில் விரிக்கும்போது தூரம் எங்காவது இழுபட்டாக வேண்டும். நடுக்கோட்டில் அளவுக் காரணி 0.9996, அதாவது நூறு மீட்டருக்கு 4 சென்டிமீட்டர் குறைவு. நடுக்கோட்டை விட்டு விலக விலக அது ஏறிக்கொண்டே போகும். திண்டுக்கல் 78 பாகைக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும் ஊர், மண்டலத்தின் விளிம்பு. அங்கே காரணி சுமார் 1.0008. தரையில் 142 மீட்டர் இருப்பது தாளில் 142.12 ஆகிறது. ஒரு மில்லிமீட்டர் கூடப் பிழையில்லாமல் அளந்தாலும் அப்படித்தான் வரும்.

பையன் இதற்கு முன் இரண்டு வருடம் சென்னையில் வேலை பார்த்தவன். சென்னை 44ஆம் மண்டலம், நடுக்கோடு 81. ஊர் அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் நூறு மீட்டருக்கு 3 சென்டிமீட்டர்தான் வித்தியாசம், அதுவும் குறைவாக. அறுபதுக்கு நாற்பது மனைகளை அளந்துகொண்டிருந்தால் இந்தச் சங்கதி வாழ்நாள் முழுக்கத் தெரியாமலே போய்விடும். கரூர், திண்டுக்கல், சேலம் பக்கம் வந்தால்தான் தலைகாட்டும்.

சரி, 12 சென்டிமீட்டர் வந்துவிட்டது. ஆனால் நிலத்துக்காரர் கையால் அளந்து காட்டியது ஒரு முழம். 12 எப்படி 41 ஆனது?

கையாலேயே போட்டுப் பார்த்தேன். இந்தக் கணக்கைத் தாளில் ஒரு தடவையாவது போட்டுப் பார்ப்பது நல்லது, ஐந்து நிமிட வேலை. அ–ஆ தூரத்தின் வர்க்கத்தோடு 84.2இன் வர்க்கத்தைக் கூட்டி, 59.6இன் வர்க்கத்தைக் கழித்து, அ–ஆ தூரத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால், அ கல்லிலிருந்து கோட்டின் மேல் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று வரும். அப்புறம் பிதாகரஸ், செங்குத்துத் தூரம் கிடைத்துவிடும். அ–ஆ 142.00 என்று வைத்தால் கோட்டின் மேல் 83.46, செங்குத்தாக 11.17. அதையே 142.12 என்று வைத்தால் 83.51, 10.79. கோட்டின் போக்கில் 5 சென்டிமீட்டர்தான் நகர்ந்தது. குறுக்கே 38 சென்டிமீட்டர். போட்டது 12, விளைந்தது 38. மிச்சம் 3 எங்கிருந்து என்பது பின்னால் வரும்.

காரணம் வட்டங்கள் வெட்டும் கோணம். இ கல்லில் முக்கோணத்தின் கோணம் 161 பாகைக்கு மேல். கிட்டத்தட்ட நேர்கோடு. இரண்டு வட்டங்களும் ஒன்றையொன்று 18 பாகையில் உரசிக்கொண்டு போகின்றன, பளிச்சென்று வெட்டவில்லை. இரண்டு வைக்கோல் பிரியைக் குறுக்கே போட்டால் ஒட்டும் இடம் ஒரு புள்ளி. ஏறக்குறைய ஒரே திசையில் போட்டால் ஒட்டும் இடம் ஒரு முழ நீளம், அதில் எது சந்திப்பு என்று எப்படிச் சொல்வது? கணக்கில் சொன்னால், பிழை கோணத்தின் சைனின் தலைகீழ் மடங்காகப் பெருகும். 90 பாகையில் வெட்டினால் ஒரு மடங்கு, 30 பாகையில் இரண்டு மடங்கு, 18 பாகையில் மூன்று மடங்குக்கு மேல். முக்கோணத்தில் எந்தக் கோணமும் 30 பாகைக்குக் கீழே போகக்கூடாது என்று படிக்கும் காலத்தில் உருப்போட்டது இதற்காகத்தான். மென்பொருள் அதைக் கேட்பதில்லை. 18 பாகையாக இருந்தாலும் 88 பாகையாக இருந்தாலும் அதே மூன்று தசமம், அதே பச்சை நிறப் புள்ளி.

மண்டல விளிம்புச் சமாசாரமே இல்லாவிட்டாலும் இந்த வெட்டுப்புள்ளி நம்பத்தக்கதல்ல என்பேன். புலப்படத்தில் உள்ள அளவுகளைப் பாருங்கள்: 84.2, 59.6, 142.0. தசமம் எல்லாம் இரட்டைப்படை. 20 மீட்டர் சங்கிலியில் நூறு லிங்க், லிங்குக்கு 20 சென்டிமீட்டர். கிட்டத்திலுள்ள லிங்குக்கு வாசித்து எழுதியது என்றால் ஒவ்வொரு அளவிலும் 10 சென்டிமீட்டர் முன்பின் உண்டு என்று அர்த்தம். அளந்தவர் மேல் தப்பில்லை, சங்கிலியின் இயல்பு அது. அதற்கும் முந்தைய குன்டர் சங்கிலியிலும் கிட்டத்தட்ட இதே அளவுதான். 66 அடியில் நூறு லிங்க், லிங்குக்கு 20.1168 சென்டிமீட்டர். (ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட் என்ற அழகான கணக்கு அந்தச் சங்கிலியோடு போயிற்று. சென்ட் மட்டும் நம் வாயை விட்டுப் போகவில்லை.) ஆக 10 சென்டிமீட்டர் முன்பின் உள்ள அளவை 18 பாகை வெட்டுக்குள் போட்டால் 31 சென்டிமீட்டர் முன்பின் உள்ள விடைதான் வரும். அதை மூன்று தசமத்தில் எழுதினால் மட்டும் என்ன ஆகிவிடப்போகிறது?

இரண்டாம் நாள் பையன் ஒரு யோசனை சொன்னான். அவன் கைபேசியில் நில அளவைச் செயலி ஒன்று இருக்கிறது, அதிலும் வட்ட வெட்டு போட்டுப் பார்த்திருக்கிறான், விடை வேறு மாதிரி வந்ததாம். காட்டினான். அவன் சொன்னது சரிதான், கேட் தந்த புள்ளிக்கும் இதற்கும் கால் மீட்டருக்கு மேல் வித்தியாசம். நான் விடையைப் பார்க்கவில்லை, மேலே அவன் உள்ளிட்ட கல்களின் பட்டியலைப் பார்த்தேன். வடக்கு மதிப்புகள் (வடக்குத் திசை ஆயத்தொலைவுகள்) இப்படி முடிந்தன: .375, .625, .000, .250. ஆர்டிகே கோப்பில் 1146812.418 என்று இருந்தது செயலியில் 1146812.375 ஆகியிருந்தது.

எட்டில் மூன்று பங்கு, எட்டில் ஐந்து பங்கு. தற்செயலாக எல்லாக் கல்லும் அப்படி அமையாது. அந்தச் செயலி எண்களை 32 பிட் அளவில் சேமிக்கிறது. அதில் ஏழு இலக்கத்துக்குமேல் துல்லியம் நிற்காது. பத்து லட்சத்தைத் தாண்டிய எண்ணுக்கு (சரியாகச் சொன்னால் 10,48,576இலிருந்து) அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி 0.125. நம் பக்கத்து வடக்கு மதிப்பு பதினொன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அதனால் அந்தச் செயலிக்குப் பன்னிரண்டரை சென்டிமீட்டருக்கு ஒருமுறைதான் நிலமே உண்டு, நடுவில் ஒன்றுமில்லை! கிழக்கு மதிப்பு எட்டு லட்சத்துச் சொச்சம், அங்கே ஆறேகால் சென்டிமீட்டர். உள்ளே போகும்போதே கல் நகர்ந்துவிட்டது, அப்புறம் அந்தப் பிழை மூன்று மடங்காகி வெளியே வந்தது.

64 பிட்டில் கணக்கிடும் கேட் மென்பொருளுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் கோடும் கோடும் வெட்டும் சூத்திரத்தை எக்செல்லில் எழுதி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். அந்தச் சூத்திரத்தில் கிழக்கையும் வடக்கையும் பெருக்க வேண்டி வரும். நம் ஊர் எண்களில் அந்தப் பெருக்குத்தொகை பன்னிரண்டு இலக்கம். அப்படி இரண்டைப் பெருக்கி ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் முன் இலக்கமெல்லாம் அடிபட்டு, மிஞ்சும் வாலில்தான் நம் சென்டிமீட்டர் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் முதலில் ஒரு கல்லைப் பூச்சியம் பூச்சியம் என்று வைத்து எல்லாவற்றிலிருந்தும் அதன் மதிப்பைக் கழித்துவிடுவது, கணக்கு முடிந்ததும் திரும்பக் கூட்டிக்கொள்வது. நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன். எண் சின்னதாக இருந்தால் கண்ணுக்கும் பிழை தெரியும்.

மூன்றாம் நாள்தான் நான் முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். புலப்படத்தை ஒழுங்காகப் பார்த்தேன்.

பையன் வேலை செய்தது வாட்ஸப்பில் வந்த படத்தை வைத்து. எல்லையோர எண்கள் தெரிந்தன. உள்ளே ஜி லைனை ஒட்டி இருந்ததெல்லாம் பூச்சி பூச்சியாக இருந்தது, விட்டுவிட்டான். நிலத்துக்காரரிடம் மடித்து மடித்துக் கிழியும் நிலையில் ஒரு பழைய நகல் இருந்தது. பித்தளைத் தூக்குப் பாத்திரத்துக்குள் பத்திரத்தோடு சுருட்டி வைத்திருந்தார். அதில் அ–ஆ ஜி லைனின் மேல் லேடர் (கோட்டையொட்டி ஏணிப்படி போல எழுதும் அளவுகள்) தெளிவாக இருந்தது: அ கல்லிலிருந்து 83.4இல், வடக்கே ஆப்செட் (செங்குத்துத் தூரம்) 11.2. பையன் குச்சி நின்றது 10.79இல், வித்தியாசம் 41 சென்டிமீட்டர்.

எங்களுக்கு வேண்டிய விடை ஆரம்பத்திலிருந்தே எழுதி வைக்கப்பட்டிருந்தது. அந்தக் காலத்தில் அளந்தவர் இ கல்லை வட்டம் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை. ஜி லைனில் சங்கிலியைக் கிடத்தி, செங்குத்தாகத் திரும்பி, ஆப்செட் எடுத்தார். எல்லையோரம் எழுதிய 84.2, 59.6 இரண்டும் சரிபார்ப்புக்கான அளவுகள். ஆப்செட் முறையில் வெட்டும் கோணம் எப்போதும் 90 பாகை, பிழை பெருகவே பெருகாது. 10 சென்டிமீட்டர் பிசகினால் 10 சென்டிமீட்டர்தான் நகரும். மண்டல விளிம்புக் காரணியைக்கூடத் திருத்தாமல் அப்படியே போட்டிருந்தால் 11.2 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் பிழை, 83.4இல் ஏழு. அதோடு போயிருக்கும். பையன் எடுத்தது மூலத்தை விட்டுச் சரிபார்ப்பை மூலமாக வைத்த வழி.

எண்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்த்தேன். 83.4, 11.2 என்று வைத்தால் அ–இ 84.15 வரவேண்டும், எழுதியிருப்பது 84.2. ஆ–இ 59.66 வரவேண்டும், எழுதியிருப்பது 59.6. இரண்டும் லிங்குக்கு வாசித்த வரம்புக்குள். அப்புறம் 'ரெண்டு கல் போதும்' என்று விடப்பட்ட கிணற்றோரத்து ஈ கல். ஈ–இ 70.6 என்கிறது படம். லேடர்படி குறித்த இடத்திலிருந்து ஈ கல்லுக்கு 70.64. பையன் நட்ட குச்சியிலிருந்து ஈ கல்லுக்கு 70.24. ஈ கல்லின் கோடும் அ கல்லின் கோடும் இ-யில் சந்திக்கும் கோணம் 72 பாகை, நல்ல வெட்டு. அந்த இரண்டு தூரத்தை மட்டும் வைத்து வட்டம் போட்டாலும் லேடர் சொன்ன இடத்திலிருந்து 8 சென்டிமீட்டருக்குள்தான் விழுகிறது. வட்ட வெட்டு முறையின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. தவறான இரண்டு கல்லைத் தேர்ந்தெடுத்ததுதான் வினை. டேப் ஒன்றைக் கிணறு வரை இழுத்துப் பிடித்திருந்தால் முதல் நாள் மாலையே 36 சென்டிமீட்டர் உதைப்பது தெரிந்திருக்கும்.

நிலத்துக்காரருக்கு இதில் எவ்வளவு போயிருக்கும் என்று கேட்டார். 142 மீட்டர் அடிப்பக்கம், 41 சென்டிமீட்டர் உயரம், அதில் பாதி: 29 சதுர மீட்டர். முக்கால் சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அவர் தலையாட்டினார். நல்லவேளை, அதற்கு என்ன விலை என்று எங்களிடம் கேட்கவில்லை.

இன்னொரு சங்கதியும் இதோடு ஒட்டியிருந்தது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினைக்காகத் தெற்கிலிருந்து வரும் உட்பிரிவுக் கோடு அ–இ எல்லையை மேற்கிலிருந்து 40 மீட்டரில் வெட்டுகிறது. இ நகர்ந்தால் அந்த வெட்டுப்புள்ளியும் நகரும்: அங்கே 20 சென்டிமீட்டர். அதைக் குறிக்கும்போது கேட்டில் பையனுக்குக் கோடுகள் வெட்டும் இடத்தில் கர்சர் ஒட்டவில்லை. இரண்டு கோடும் மேலிருந்து பார்த்தால் வெட்டுகின்றன. ஆனால் டோட்டல் ஸ்டேஷன் புள்ளிகள் உயரத்தோடு வந்தவை, ஒரு கோடு இன்னொன்றுக்கு மேலே ஒன்றரை மீட்டர் தள்ளிப் போகிறது. நிஜத்தில் அவை தொடவே இல்லை. அவன் தோற்ற வெட்டைப் பிடிக்கும் வசதியைப் போட்டுச் சமாளித்திருந்தான். நேர் மேற்பார்வையில் இருந்ததால் தப்பித்தான், காட்சியைக் கொஞ்சம் சாய்த்து வைத்திருந்தால் புள்ளி எங்கேயோ போயிருக்கும். எல்லைக் கணக்குக்கு உயரம் வேண்டாம். எல்லாக் கோட்டையும் முதலில் பூச்சிய உயரத்துக்கு இறக்கிவிட்டால் இந்தப் பிரச்சினையே எழாது.

லேடர்படி புதுக் குச்சி நட்டுக் கொடுத்தோம். இடம் காட்ட எங்களுக்கு முடியும், கல் நட அதிகாரம் கிடையாது. 1923ஆம் ஆண்டு நில அளவை, எல்லைகள் சட்டப்படி அது அரசு நில அளவரின் வேலை. நிலத்துக்காரர் எல்லையை அளந்து காட்டக் கேட்டு எஃப் லைன் மனுப் போட்டார். இருதரப்புக்கும் அறிவிப்பு போய், ஒன்றரை மாதம் கழித்து நில அளவர் வந்தார். நாங்களும் போயிருந்தோம், ஓரமாக நின்றோம்.

அவர் எந்தச் செயலியையும் திறக்கவில்லை. உதவியாளரை ஆ கல்லில் நிற்க வைத்து, அ கல்லிலிருந்து டேப்பைக் கிடத்திக்கொண்டே போனார். 83.4இல் நின்று, செங்கோணம் பார்க்கும் கிராஸ் ஸ்டாஃபை ஊன்றி, வடக்கே திரும்பி 11.2 அளந்தார். அந்த இடத்தில் கடப்பாரையால் இரண்டடி தோண்டிப் பார்த்தார்கள். பழைய கல் இல்லை, ஓடு ஒன்றுதான் கிடைத்தது. எங்கள் இரண்டாவது குச்சி அவர் வைத்த கம்பியிலிருந்து 6 சென்டிமீட்டர் கிழக்கே இருந்தது. அவர் ஒருமுறை குனிந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, யாரும் கேட்காமலே, டேப்பை எடுத்துக்கொண்டு கிணற்றுக் கல்லுக்கு நடந்தார். பையன் என்னைப் பார்த்தான். 70.6 என்று எழுதிக்கொண்டு திரும்பி வந்தார்.

கல் நட்டு மண் தள்ளும்போது பக்கத்து நிலத்துக்காரர் முதல் முறையாகப் பேசினார். "அப்ப இந்தக் குச்சி?" என்று, தெற்கே ஒரு முழம் தள்ளி இன்னும் நின்றுகொண்டிருந்த முதல் குச்சியைக் காட்டினார். யாராவது பதில் சொல்வதற்குள் பையன் போய் அதைப் பிடுங்கி வண்டியில் போட்டான்.